பூவாடைக்காரியைத் தேடிய கேஸ்

1. மஞ்சள் பை

தனசேகர் எங்கள் ஆபீஸ் படியேறி வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் அதை மேஜைமேல் வைக்கவில்லை, மடியிலும் வைத்துக்கொள்ளவில்லை. கால் படாத தூரத்தில் தரையில் வைத்தார்.

"இத்த வூட்டுக்குள்ள எடுத்துக்கினு போக பயமா இருக்குது மேடம். அதான் நேரா இங்க வந்துட்டேன்."

ஸ்டெல்லா பையைப் பிரித்தாள். கண்ணாடி வளையல், வாடிய கதம்பம், மஞ்சள் கிழங்கு, ஒரு சீப்பு, புது ரவிக்கைத் துண்டு, கையடக்கக் கண்ணாடி ஒன்று. எல்லாம் ஈரமாக இருந்தன.

நானும் ஸ்டெல்லாவும் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் டிடெக்டிவ் ஏஜென்சி நடத்திவந்தோம். நான் சென்னையில் பெரிய ஏஜென்சி ஒன்றில் வேலை கற்றவள். ஸ்டெல்லா போலீஸ் வேலையை விட்டுவிட்டு வந்தவள். வருகிற கேஸ்களில் முக்கால்வாசி பிரீ-மேரிடல். மாப்பிள்ளைக்குக் குடிப்பழக்கம் உண்டா, சொன்ன கம்பெனியில்தான் வேலை செய்கிறானா, இதுபோலத்தான். இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று கேட்டு இப்போது நிறையப் பெண்கள் போன் செய்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு, பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தனசேகருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். செவிலிமேட்டில் புது வீடு கட்டிக் குடியிருந்தார். பிள்ளையார்பாளையத்தில் அவர் அப்பா காலத்து வீடு பூட்டிக் கிடந்தது. மகள் நிவேதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும் என்று குடும்பத்தோடு பழைய வீட்டைத் திறந்திருக்கிறார்கள்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில், வீட்டில் வாழ்ந்து இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள். நல்ல காரியத்துக்கு முன், கிணற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ ஒரு சொம்புத் தண்ணீரில் அவளை அழைத்து வந்து, புடவை, பூ, வளையல் வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். தனசேகர் வீட்டுப் பூவாடைக்காரி அவருடைய அக்கா மல்லிகா. கல்யாண வயதில் அந்த வீட்டுக் கிணற்றிலேயே விழுந்து இறந்தவள். அப்போது தனசேகர் சின்னப் பையன். மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அக்கா இல்லை.

"பின்கட்டுக் கதவைத் தொறந்தோம் மேடம். கெணத்தங்கரையில ஏற்கெனவே படையல் வெச்சிருக்குது. இலை இன்னிக்கு அறுத்த இலை. பூட்டுன வூட்ல எவன் வந்து வெப்பான்? என் சம்சாரம் செய்வினைன்னு சொல்லி அழுவுறா. பொண்ணு கல்யாணம் நின்னுடுமோன்னு பயப்படுறா. யாருன்னு தெரிஞ்சா போதும் எனக்கு."

"பக்கத்து வீட்டில் கேட்டீர்களா?"

"அதுதான் மேடம் பயமே. மாசாமாசம் தண்ணி சேந்துற சத்தம் கேக்குதாம். மல்லிகாதான் வருதுன்னு தெருவே பேசிக்கினு இருக்குது. எங்கிட்ட மட்டும் யாரும் சொல்லல."


2. கிணற்றடி

வீட்டைப் பார்க்க நல்ல வெயில் நேரத்தில்தான் போனோம். சைட் விசிட் பகலில் போங்கள். பயம் குறையும் என்பதற்காகச் சொல்லவில்லை, தடயம் கண்ணில் படும்.

முன்கதவுப் பூட்டு துருவேறிக் கிடந்தது. தறி இருந்த அறையில் தறிக்குழி மட்டும் வாயைத் திறந்தபடி இருந்தது. அதற்குள் யாரும் இறங்கிப் பல வருஷம் ஆகியிருக்கும். சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. ஆனால் பின்கட்டுக்குப் போனால் வேறு வீடு மாதிரி இருந்தது. கிணற்றைச் சுற்றி ஒரு சருகுகூட இல்லை. கைப்பிடிச் சுவரில் மஞ்சள் பூசியிருந்தது. ராட்டினத்துக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள். கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், புதுக் கயிறு.

தனசேகர் கிணற்றுக்குப் பக்கத்தில் வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே காட்டினார்.

"அந்தக் கண்ணாடி சுவத்துல சாத்தி வெச்சிருந்துது மேடம். நம்ம பக்கம் பார்க்கல. கெணத்தப் பார்த்துக்கினு இருந்துது."

உள்ளே இருப்பவள் மேலே வந்தால் முகம் பார்ப்பதற்கு. எனக்கு அப்படித்தான் தோன்றியது. சொல்லவில்லை.

பின்பக்கச் சந்துக் கதவில் பழைய பித்தளைப் பூட்டு. உடைத்த தடயம் எதுவும் இல்லை. சாவி எத்தனை என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"ரெண்டு மேடம். ஒண்ணு எங்கிட்ட. இன்னொண்ணு எங்கம்மா இடுப்புக் கயித்துல இருக்கும். அம்மா சாவுறதுக்கு முன்ன ஆஸ்பத்திரியில இருந்தப்ப காணாமப் போச்சு. நாங்களும் பெருசா தேடல."

"ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்க்க யாரெல்லாம் வந்தார்கள்?"

"சொந்தக்காரங்கதான். அப்புறம் ஒரு அம்மா வந்து உக்காந்திருக்கும். பஜனை கோஷ்டின்னு சொன்னாங்க. நாங்க போனா எழுந்து போயிடும்."

ஸ்டெல்லா கிணற்றடியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் வீசியிருந்த வாழை இலையைக் குச்சியால் புரட்டினாள். காக்கை கொத்தியது போக மீதி ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"சார், உங்கள் வீட்டில் அசைவம் உண்டா?"

"சேச்சே. எங்க வூட்ல கவுச்சியே கெடையாது. முட்டகூட வாங்க மாட்டோம்."

"இது கருவாட்டுக் குழம்பு."

தனசேகருக்கு முகம் வெளுத்துப்போனது. செய்வினை என்பதற்கு அவருக்கு அதுவே ஆதாரமாகப் பட்டது. எனக்கோ அங்குதான் கேஸ் திறந்தது. படையல் வைப்பவர்கள் செத்தவருக்குப் பிடித்ததைத்தான் வைப்பார்கள். கருவாடு வாசனையே அறியாத வீட்டில் பிறந்த மல்லிகாவுக்கு யாரும் கருவாட்டுக் குழம்பு வைக்க மாட்டார்கள். அப்படியானால் இந்தப் படையல் மல்லிகாவுக்கு இல்லை.

அப்படியானால் அந்தக் கிணற்றில் வேறு யார்?


3. அமாவாசை

பக்கத்து வீட்டு சரோஜாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மல்லிகாவோடு ஒன்றாகப் படித்தவர். அவரிடம் பிரிடெக்ஸ்ட், அதாவது பொய்க் காரணம், எதுவும் சொல்லாமல் நேராகவே பேசினோம். மாடியில் உட்கார இடம் கேட்டோம்.

"எப்ப வரும்னு தெரியுமாக்கா?" என்றாள் ஸ்டெல்லா.

"அமாவாசைக்கு அமாவாசைமா. அன்னிக்கு எங்க தெருவுல தறி லீவு. இல்லன்னா அந்த சத்தம் எங்க காதுல வுழுந்திருக்கவே வுழாது. ராத்திரி வந்தா பேய்னு சொல்லலாம். இது காலங்காத்தால, வெளிச்சத்துல வருது. அது இன்னான்னு சொல்றது?"

"எட்டிப் பார்க்கலையா?"

"எவளுக்கு தைரியம் இருக்குது? சத்தம் கேட்டா நான் பூஜை ரூமுக்குள்ள போயிடுவேன்."

அடுத்த அமாவாசையன்று விடிந்ததும் நாங்கள் மாடியில் இருந்தோம். துணி காயப்போடும் கொடியில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டு அதன் பின்னால் உட்கார்ந்தோம். சரோஜா வரமாட்டேன் என்றவர், கடைசியில் எங்களைத் தனியே விட மனமில்லாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நெசவுத் தெருவில் தறிச் சத்தம் இல்லாத காலை எப்படி இருக்கும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். எந்நேரமும் கேட்டுப் பழகிய சத்தம் நின்றதும் காது தானாகவே எதையோ தேடத் தொடங்கும்.

சந்துக் கதவு திறந்தது. நரைத்த தலையோடு, வெளிறிய பருத்திப் புடவை கட்டிய ஒரு பெண் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். கூடையை இறக்கிவைத்தாள். சருகு பொறுக்கினாள், பெருக்கினாள், தண்ணீர் சேந்தினாள். ராட்டினம் மெல்லச் சுற்றியது. கைப்பிடிச் சுவரைக் கழுவி மஞ்சள் பூசி, இலை விரித்து, தூக்கிலிருந்து சோறும் குழம்பும் எடுத்துவைத்தாள். வளையல், பூ, சீப்பு. கடைசியாகக் கண்ணாடி. அதைக் கிணற்றின் பக்கம் திருப்பிவைத்தாள்.

பிறகு கிணற்றுக்குள் குனிந்து பேசினாள். சத்தமாக இல்லை. தெரு அவ்வளவு அமைதியாக இருந்ததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"தேவகி. வாம்மா. வந்து சாப்புடு. ஈரத்தோட நிக்காத."

என் மணிக்கட்டில் வலித்தது. சரோஜா பிடித்திருந்தார். நகம் பதிந்திருந்தது. கீழேயிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"மல்லிகா."

"அக்கா?"

"இடது கால இழுத்து வெக்கிறா பாரு. சின்னதுல கொதிக்கிற சாயத் தண்ணி கொட்டுன கால் அது. நான் பக்கத்துல இருந்தேன். அது மல்லிகாடி. அவள எரிக்க தூக்கிக்கினு போனத நான் என் கண்ணால பார்த்தேனே!"

வேலையில் எனக்குப் பயம் வந்த நாட்கள் உண்டு. ஆள் தெரிந்துகொண்டு துரத்தியிருக்கிறார்கள், கத்தியைக் காட்டியிருக்கிறார்கள். அன்றைய பயம் அந்த வகை இல்லை. பட்டப்பகலில், எங்களுக்குக் கீழே, செத்தவள் ஒருத்தி கிணற்றுக்குள் குனிந்து இன்னொருத்தியைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்டெல்லா என் தோளைத் தட்டினாள். "பாலோ போறேன். நீ சரோஜாக்காவைப் பார்த்துக்கோ." பேயாக இருந்தால் பஸ் ஏறாது என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். அவள் குரலும் சரியாக இல்லை.

மதியம் போன் வந்தது. "திருப்புட்குழி. கோயில் குளத்துக்குப் பக்கத்தில் டிபன் கடை. ஊரில் பேர் அமுதாம்மா."


4. திருப்புட்குழி

மறுநாள் இருவரும் போனோம். கூட்டம் குறையும்வரை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சப்ஜெக்டிடம், அதாவது நாங்கள் பின்தொடரும் ஆளிடம், என்ன கதை சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். ஸ்டெல்லா எல்லாவற்றையும் கலைத்துவிட்டாள்.

"அம்மா, தேவகி யாரு?"

கரண்டியைக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார். எங்களை யார் என்றுகூடக் கேட்கவில்லை. "குளத்துப் படிக்கு வாங்க" என்றார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். மல்லிகா வீட்டில் பட்டு நூல் சுற்றும் வேலைக்குக் கூரத்திலிருந்து தேவகி என்ற பெண் வருவாள். இருவரும் ஒரே வயது. அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பை ஒருநாள் மல்லிகா ருசி பார்க்கப்போய், வாசனை போக வாயைச் சீயக்காய் போட்டுத் தேய்த்ததைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு நெருக்கம். மல்லிகா, சாயப்பட்டறையில் வேலை செய்த ஒரு தெலுங்குக்காரரை விரும்பினாள். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. வேறு இடத்தில் அவசரமாக முடிக்கப் பார்த்தார்.

அவரோடு தப்பிப் போகிற யோசனை தேவகியுடையது. விடியற்காலையில் இருவரும் புடவை மாற்றிக்கொண்டார்கள். தேவகியின் துணியில், தலையில் முக்காடோடு மல்லிகா சந்துக் கதவு வழியாக வெளியே போனாள். மல்லிகாவின் புடவையில் தேவகி கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள்ளிருந்து யார் பார்த்தாலும் மல்லிகா கிணற்றடியில் இருப்பதாக நினைக்க வேண்டும். கொஞ்ச நேரம் போனதும் தேவகி சந்து வழியாக வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

"நான் அவரோட சித்தூர் பக்கம் போயிட்டேன். பேர மாத்திக்கினு குடும்பம் நடத்துனேன். நான் செத்துட்டதா ஊர்ல சொல்றாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. கோவத்துல தல முழுகிட்டாங்கன்னு நெனைச்சேன். அப்படித்தானே சொல்லுவாங்க, ஓடிப்போனா? நெஜமாவே ஒரு பொணம் எரிஞ்சிருக்கும்னு எனக்கு எப்படிமா தெரியும்?"

கணவர் இறந்த பிறகு திருப்புட்குழிக்கு வந்திருக்கிறார். அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பது தெரிந்து, முகத்தை மறைத்துக்கொண்டு பார்க்கப் போயிருக்கிறார். அம்மா அடையாளம் கண்டுகொண்டார். ஆச்சரியப்படவே இல்லை. நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும் என்றாராம். சந்துக் கதவுச் சாவியையும் அவரே இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார்.

"அன்னிக்கு இருட்டு பிரியறதுக்குள்ள எங்கப்பா பின்கட்டுக்குப் போனாரு. அம்மா அடுப்புல இருந்தாங்க. தண்ணியில தொப்புன்னு ஒரு சத்தம். அப்பா உள்ள வந்து, உம் பொண்ணு இனிமே நம்மள அசிங்கப்படுத்த மாட்டான்னு சொன்னாராம். நாள் கழிச்சி பொணம் மேல வந்தப்ப முகம் அழுகி அடையாளமே தெரியல. புடவைய வெச்சி நான்னு சொல்லிட்டாங்க. குளிப்பாட்டுனது எங்கம்மா. கால பார்த்துட்டாங்க. தழும்பு இல்ல."

இடது கால் தழும்பின்மேல் புடவையை இழுத்து மூடிக்கொண்டார்.

"அம்மா யார்கிட்டயும் சொல்லல. நான் செத்துட்டேன்னு இருந்தா அப்பா என்னைத் தேட மாட்டாரு இல்ல? அதுக்காக இன்னொருத்தி பெத்த பொண்ண எம் பேர்ல எரிக்க வுட்டாங்க. எங்கப்பா பெத்த பொண்ண கொன்னுட்டோம்னு நெனைச்சிக்கினே, அவளயே பூவாடைக்காரின்னு கும்புட்டுக்கினு செத்தாரு."

"தேவகி வீட்டுக்குச் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"கூரம் வரைக்கும் பஸ்ல போவேன். எறங்க மாட்டேன். அப்படியே திரும்பி வந்துருவேன். எத்தினி வாட்டி போயிருப்பேன்." குளத்தைப் பார்த்தார். "செத்த பறவைக்குப் பெருமாளே பெத்த புள்ளையாட்டம் பக்கத்துல இருந்து கடைசிக் காரியம் பண்ண ஊர் இது. புள்ளை இல்லாத கொறைய அவர் தீத்தாரு. அத்த நெனைச்சிதான் இங்க குடி வந்தேன். அவளுக்கு என்னால ஆனது அந்த ஒரு இலை சோறுதான். எந் தம்பிகிட்ட சொல்லிடாதீங்கமா. அப்பாவ சாமியா நெனைச்சிக்கினு இருக்கான்."


5. கூரம்

திரும்பும் பஸ்ஸில் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் சண்டை. ஏஜென்சி விதி என்னவென்றால், கண்டுபிடித்தது முதலில் கிளையண்டுக்குப் போக வேண்டும். பிறகுதான் மற்றவர்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

"யார் படையல் வெக்கிறதுன்னு தனசேகர் கேட்டாரு. யாருக்கு வெக்கிறாங்கன்னு அவர் கேக்கவே இல்ல. அந்தப் பாதி அவரோடது இல்ல பத்மா" என்றாள் ஸ்டெல்லா.

விதியை விட்டுக்கொடுத்தேன். கூரத்துக்குப் போனோம்.

தேவகியின் அம்மா அப்பா இருவரும் போய்விட்டார்கள். தங்கை ராஜாத்தி இருந்தார். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். தேவகி என்ற பெயரைச் சொன்னதும் முகம் இறுகியது.

"ஓடிப்போனவளப் பத்தி இப்ப இன்னா? உயிரோட இருக்காளா? சொத்துல பங்கு கேக்குறாளா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. அவரே பேசினார். அக்கா ஓடிப்போனதால் தனக்கு வந்த இடமெல்லாம் தட்டிப்போனதை, அப்பா தெருவில் தலை குனிந்தே நடந்ததை, பிள்ளையார்பாளையத்து வீட்டில் போய்க் கேட்டபோது, அவள் வேலைக்கே வரவில்லை என்று சொல்லித் துரத்தியதை. ஒரு வார்த்தைக்குக்கூட குரல் உடையவில்லை. பல தடவை சொல்லித் தேய்ந்த பேச்சு.

"எங்கம்மா மட்டும் நம்பல. சாவுற வரைக்கும் ஒரே கனவு அதுக்கு. தேவகி வாசப்படியில வந்து நிப்பாளாம். தலையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். உள்ள வாடின்னா வர மாட்டாளாம். எங்கம்மா ராத்திரில எழுந்து வாசல்ல துண்டு வெச்சிட்டு வந்து படுக்கும். நான் திட்டுவேன். ஓடிப்போனவ எங்கியோ நல்லா இருப்பா, அவ ஏன் ஈரமா வரணும்னு."

கிணற்றைப் பற்றி நாங்கள் அதுவரை ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. கிணறு என்ற பேச்சே அந்த வீட்டில் எழுந்ததில்லை. ஸ்டெல்லா நாற்காலியை இழுத்துப்போட்டு ராஜாத்தியின் முன் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை.

ராஜாத்தி அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"எரிச்சாங்களா, பொதைச்சாங்களா?"

"எரிச்சிட்டாங்க."

"எங்க ஜனத்துல பொதைப்போம்" என்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

போலீசுக்குப் போக வேண்டுமானால் உதவுவதாக ஸ்டெல்லா வெளியில் நின்றபடியே சொன்னாள். உள்ளிருந்து பதில் வந்தது. "செத்தவன் மேல கேஸ் போட்டு இன்னா பண்றது? அந்த வூட்டு ஆளுங்க முகத்த நான் பாக்கணும். அதுக்கு வழி பண்ணுங்க."


6. ரிப்போர்ட்

அன்றைக்கே தனசேகரைச் செவிலிமேட்டில் பார்த்தோம். மனைவியும் மகளும் உடன் இருந்தார்கள். வாய்மொழி ரிப்போர்ட் கொடுப்பது கடினமான வேலை. கிளையண்ட் எந்த இடத்தில் உடைவார் என்று தெரியாது. செய்வினை இல்லை என்றதும் அந்த அம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்கா உயிரோடு இருக்கிறார் என்றதும் தனசேகர் சிரித்தார். நம்பாத சிரிப்பு. அப்பா பெயர் வந்ததும் எழுந்துவிட்டார்.

"எங்கப்பா யார்கிட்டயும் கொரல ஒசத்திப் பேசினது கெடையாது. வருஷா வருஷம் அக்காவுக்கு அவர் கையால புடவை நெய்து வெப்பாரு. அழுவாரு மேடம். அப்படிப்பட்ட மனுஷன..." வாசலைக் காட்டினார். "போயிடுங்க."

போனோம். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது நிவேதா பின்னாலேயே வந்தாள். கல்யாணப் பெண். கண் கலங்கியிருந்தது.

"மேடம், எங்க அத்தை கடை எங்க இருக்குது?"

அவளைத் தடுக்க எனக்கு எந்த விதியும் ஞாபகம் வரவில்லை. சொன்னேன்.

அதன்பின் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. சில நாட்கள் கழித்துத் தனசேகரிடமிருந்து போன். குரல் கம்மியிருந்தது.

"வெள்ளிக்கிழமை காலையில பழைய வூட்டுக்கு வர முடியுமா மேடம்? அந்த கூரத்து அம்மாவையும் வரச் சொல்லுங்க. நான் கூப்பிட்டா வர மாட்டாங்க."


7. வெள்ளிக்கிழமை

கிணற்றடியில் பெரிய படையல் போட்டிருந்தார்கள். அரக்கு நிறத்தில் ஜரிகை போட்ட பட்டுப்புடவை தட்டில் இருந்தது. மல்லிகா ஒரு மூலையில் நின்றார். நிவேதா அவர் கையைப் பிடித்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மாடியில் சரோஜா. தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ராஜாத்தி கணவரோடு ஆட்டோவில் வந்தார். கையில் ஒரு பித்தளைக் குடம். அவர் உள்ளே வந்ததும் மல்லிகா ஓடிவந்து காலில் விழுந்தார். ராஜாத்தி இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"எழுந்திருங்க. நீங்க கால்ல வுழுந்தா எனக்கு இன்னா வரப்போவுது?"

தனசேகர் புடவைத் தட்டை நீட்டினார். "உங்க அக்காவுக்குமா. எங்க வூட்டு சாமியா நெனைச்சி வருஷா வருஷம் கும்புடுறோம். மன்னிச்சிடுங்க."

"வேணாங்க. உங்க வூட்டு சாமியா இருந்தது போதும். எங்க வூட்டுப் பொண்ணா வரட்டும்."

ராஜாத்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே தண்ணீர் சேந்தினார். யாரும் உதவிக்குப் போகவில்லை. கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது, வெகு ஆழம். வாளி மேலே வந்ததும் குடத்தில் ஊற்றினார். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார்.

"அக்கா. நான் ராஜாத்தி வந்திருக்கேன். அம்மா உன்ன தேடிக்கினே போய்ச் சேந்துடுச்சி. வா, வூட்டுக்குப் போலாம்."

உள்ளிருந்து அவர் குரலே திரும்பி வந்தது. எந்தக் கிணற்றிலும் வரும். ஆனால் அங்கே நின்றிருந்த ஒருவரும் அசையவில்லை. தனசேகரின் மனைவி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு அழுதார்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்த ராஜாத்தி திரும்பினார். தனசேகரைத்தான் பார்த்தார்.

"நீங்க ஒண்ணு பண்ணணும். எங்க தெருவுக்கு வரணும். அவ ஓடிப்போவலன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். எங்கப்பன் தல குனிஞ்சி நடந்த தெரு அது."

தனசேகர் தலையாட்டினார். பைக்கை எடுத்தார். மல்லிகாவை நாங்கள் இன்னொரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டோம். முன்னால் போன ஆட்டோவில் ராஜாத்தி குடத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தார். வேகத்தடை வந்தபோது டிரைவரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "மெதுவா போப்பா. அக்கா உக்காந்திருக்குது."

கூரத்தில் ராஜாத்தி வீட்டு வாசலில் ஜனம் கூடியிருந்தது. தனசேகர் செருப்பைக் கழற்றிவிட்டு நடுத்தெருவில் நின்றார்.

"உங்க பொண்ணு தேவகி ஓடிப்போவல. எங்க வூட்டு கெணத்துல எங்கப்பா..." அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார்.

மல்லிகா முன்னால் வந்தார். முக்காட்டை எடுத்தார்.

"ஓடிப்போனவ நான். எனக்குப் பதிலா எங்கப்பா அவள கெணத்துல தள்ளிட்டாரு. நான் வாழுறதுக்காக அவ செத்தா. இத்தினி வருஷம் ஓடிப்போனவங்கிற எம் பேரு அவளுக்கு, செத்தவங்கிற அவ பேரு எனக்குன்னு இருந்துச்சு. இனிமே வேணாம்."

கூட்டத்தில் யாரோ ஒரு பெண் ஓவென்று ஒப்பாரி எடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் தெருவே அழுதது. அப்போதுதான் ராஜாத்தியும் அழுதார். குடத்தை வீட்டுக்குள் எடுத்துப்போகும்வரை ஒரு சொட்டும் சிந்தவில்லை.

நிவேதாவின் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மல்லிகா போனார். ராஜாத்தியை அழைத்தார்கள், அவர் போகவில்லை. அவரை யாரும் குறை சொல்லவும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பெண்களுக்கு, பாலோ போவது, கவர் ஸ்டோரி கட்டுவது எல்லாம் யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். விசாரணைக்குப் போகிற வீட்டில், ஒரு பெண்ணைப் பற்றி, அவள் ஓடிப்போய்விட்டாள் என்று சொன்னால், அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவள் போனதை யார் பார்த்தது என்று கேளுங்கள். அந்த கேஸுக்குப் பிறகு நான் போகிற இடத்திலெல்லாம் கேட்கிறேன். எல்லாரும் உறுதியாகத்தான் சொல்கிறார்கள். கண்ணால் பார்த்தேன் என்று சொன்னவர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.